ராசாங்கம் கட்டிக்கொண்ட காப்பு

ராசாங்கம் எனக்குத் தம்பி முறை, நான் அவனுக்குப் பெரியப்பா மகள். என் அப்பாவும் அவன் அப்பா உத்திராபதியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். என் அப்பா மூத்தவர். அதனால் மாரியம்மன் கோயில் மரியாதை எங்கள் வீட்டுக்கு வரும், சித்தப்பா வீட்டுக்கு வராது. இந்த ஒரு குறையைத் தின்றே ராசாங்கம் அறுபது வருஷம் உடம்பு வளர்த்தான். மற்றபடி அவனுக்கு என்ன குறை? தண்ணீர் வற்றாத கிணறு இருந்தது. கிணற்றைச் சுற்றிக் கடலைக் கொல்லை இருந்தது. மேட்டில் முந்திரிக் கொல்லை இருந்தது. தன் பேச்சுக்கு அடங்கின பெண்டாட்டி புவனேஸ்வரி இருப்பதாகவும் நினைத்துக்கொண்டிருந்தான்.

சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் முதல் இலை அவனுக்கு வேண்டும். சந்தனக் கிண்ணம் வேறு யார் பக்கமாவது முதலில் போய்விட்டால், சோறு வேண்டாம் என்று எழுந்து போய் வாசலில் நிற்பான். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று நிற்பான். கூப்பிட வரவில்லை என்றால் தானாகவே வந்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்து இரண்டு பங்கு தின்பான். அவன் கல்யாணத்திலேயே மச்சானுக்குப் போட்ட மாலை தன் மாலையைவிடப் பருமன் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். தாலி கட்டும்போதும் கண் அந்த மாலையில்தான் இருந்தது என்று புவனேஸ்வரி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

கொடுக்கிற கை அவனுக்கு வாய்க்கவில்லை. எங்கள் ஊர் ஆண்டிமடத்துக்கும் மீன்சுருட்டிக்கும் நடுவில், செம்மண் மேட்டில் இருக்கிறது. சுற்றிலும் முந்திரி. மாசி, பங்குனியில் பழம் உதிர்ந்து கிடக்கும். கொட்டைதான் காசு, பழத்தை யாரும் சீந்தமாட்டார்கள். பிள்ளைகள் கொட்டையைத் திருகி மரத்தடியில் வைத்துவிட்டுப் பழத்தை எடுத்துத் தின்னலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லார் கொல்லையிலும் அதுதான் நடக்கும். ராசாங்கம் மட்டும் கொல்லை வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருகிற பிள்ளைகளை நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வான், கன்னத்தில் கொட்டையை ஒதுக்கிக்கொண்டு போகிறார்களா என்று பார்ப்பான். பச்சைக் கொட்டையை வாயில் வைத்தால் உதடும் நாக்கும் வெந்து போகும் என்பது முந்திரிக் காட்டில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும். முந்திரிக்கே சொந்தக்காரனான இவனுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வரிசையாக நின்று வாயைப் பிளந்து காட்டிவிட்டு, கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பார்கள்.

அவனுடைய அண்ணன் நல்ல மனுஷன், சீக்கிரம் செத்துப்போனான். அண்ணன் மகன் அன்பழகன் போர்வெல் லாரியில் வேலைக்கு வடக்கே போனவன். வருஷத்துக்கு ஒருமுறை வருவான். வந்தால் ஒரு வாரம் குடிப்பான், ஒரு நாள் அழுவான், போய்விடுவான். அவனைப் பற்றிப் பேச அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் வீரம்மாள். மூத்தது பெண், மேகலா. இளையது மடியில் இருந்தது. ராசாங்கத்தின் கூடப்பிறந்த அண்ணனுடைய பேரப்பிள்ளைகள் அவர்கள். இவனைத் தாத்தா என்று கூப்பிடுகிறவர்கள்.

இரண்டு வருஷம் மழை பொய்த்தது. அரியலூரைத் தனி மாவட்டம் என்றார்கள், அடுத்த வருஷமே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டோம் என்றார்கள். இந்தக் கூத்தையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஆண்கள் வாய் வலிக்கப் பேசினார்கள். அடுப்பில் உலை ஏறாததை ஒருவரும் பேசவில்லை. பேசினால் அவமானம். எங்கள் சாதி சனத்தில் பட்டினி கிடக்கலாம், பட்டினி என்று வெளியில் சொல்லக்கூடாது. பிள்ளை ஏன் சுருண்டு கிடக்கிறது என்று கேட்டால் சளி என்பார்கள், காற்றுக் கருப்பு என்பார்கள். பசி என்று ஒரு தாயும் வாயைத் திறந்து சொல்லமாட்டாள்.

பள்ளிக்கூடம் நடக்கிற வரைக்கும் மதியச் சோறு ஒன்று உறுதி. அந்தச் சோற்றில்தான் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். மே மாதம் பள்ளிக்கூடத்தைச் சாத்தினால் அந்த அடுப்பும் அணைந்துவிடும். முந்திரி வேலையும் அதற்குள் முடிந்திருக்கும். அந்த ஒரு மாதம்தான் எமகண்டம்.

2002ஆம் வருஷம் மே மாதத்தில் மேகலா சுருண்டு விழுந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. கடைசியாக உதிர்ந்த முந்திரிப் பழத்தையும் புளியங்காயையும் தின்றே நாலைந்து நாளாக நடமாடியிருக்கிறாள். ஒரு நாள் குழாயடியில் குடத்தோடு சாய்ந்தாள். ஜெயங்கொண்டத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, வியாதி ஒன்றும் இல்லை, பிள்ளைக்குச் சாப்பாடு கொடுங்கள் என்றார். வீரம்மாள் ஊருக்கு வந்து, பிள்ளைக்குப் பசி, அதனால்தான் விழுந்தது என்று குழாயடியில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். அதுவரை எவளும் சொல்லாததை அவள் சொன்னாள். ராசாங்கத்துக்கு அது பெரிய கேவலமாகப் போய்விட்டது. குடும்ப மானத்தைக் குழாயடியில் ஊற்றிவிட்டாள் என்று ஒரு மாதம் பொருமினான். ஒரு படி கம்பு கொடுத்திருந்தால் அவன் மானம் குழாயடிக்கே வந்திருக்காது. அது அவன் மண்டைக்கு எட்டவில்லை.

அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் மற்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, என் பிள்ளையும்தான், என் பிள்ளையும்தான் என்று அவள் காதில் சொன்னார்கள். ஆறேழு பேர் சேர்ந்தார்கள். அடுத்த மே மாதம் இப்படி இருக்கக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள். என்ன செய்வது? கையில் இருப்பது ஒன்றுதான், தப்புக்கடலை.

கடலைச் செடியைப் பிடுங்கும்போது அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிற காய்க்குத் தப்புக்கடலை என்று பெயர். காய் பிடுங்கி முடித்த கொல்லையில் யார் வேண்டுமானாலும் களைக்கொத்தோடு இறங்கலாம். மறுபடி ஏர் இறங்குகிற வரைக்கும் மண்ணுக்குள் இருப்பது கொத்துகிறவர்களுக்கு. இதுவும் வழக்கம்தான். ஆனால் செம்மண் வெயிலில் இறுகிக் கல்லாகக் கிடக்கும். கோடை மழை ஒன்று விழவேண்டும். விழுந்தால் மண் இளகும், நாலைந்து நாளில் தப்பின காயெல்லாம் முளை விட்டு, இங்கே இருக்கிறேன் என்று தலையைக் காட்டும். அப்போது கொத்தினால் ஒன்றுகூடத் தப்பாது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்குத் தனியாகக் கொத்தினால் இரண்டு வேளைக்குத்தான் காணும். எல்லோரும் சேர்ந்து கொத்தி, ஒரே இடத்தில் காயவைத்து, வறுத்து, கம்பும் வெல்லமும் சேர்த்து இடித்து உருண்டை பிடித்தால், தெருவில் இருக்கிற அத்தனை பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் தாங்கும். வீரம்மாள் அப்படித்தான் மற்றவர்களைச் சேர்த்தாள்.

2003இல் தண்ணீர் இருந்தது ராசாங்கத்தின் கிணற்றில்தான். கடலை விளைந்ததும் அவன் கொல்லையில்தான். அதைப் பிடுங்குகிற லட்சணத்தைக் கேளுங்கள். பிடுங்குவதற்கு முதல் நாள் ஒரு தண்ணீர் பாய்ச்சினால் மண் இளகி, காய் கொத்தாக வரும். மோட்டாருக்கு நோவு என்று அவன் பாய்ச்சவில்லை. பிடுங்குகிறவர்களுக்குக் கூலியாகக் கொடுக்கிற காயிலும் கையைக் குறைத்தான். அவர்களும் செடியை இழுத்த இழுப்புக்கு வந்தது போதும் என்று போட்டுவிட்டுப் போனார்கள். மண்ணுக்கு மேலே வந்த அளவுக்கே மண்ணுக்குள்ளும் கிடந்தது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

தப்புக்கடலை பொறுக்கினால் பாதி தனக்கு என்று அவன் முந்தின வருஷமே ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தான். எந்த ஊரிலும் இல்லாத வழக்கம். வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பான், பெண்களும் பிள்ளைகளும் விரல் நகம் தேயக் கொத்திக்கொண்டு வந்ததைக் கூடையில் கொட்டச் சொல்லி இரண்டாகப் பங்கு போடுவான். பெண்கள் மடியில் கொஞ்சம் மறைத்தார்கள். மறைக்காமல் என்ன செய்வார்கள்? அது தெரிந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வருஷம் மழை விழுந்த கையோடு டிராக்டரை விட்டு உழுதுவிடுவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த 2003 சித்திரை கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை அடித்தது. பள்ளிக்கூடம் சாத்தி நாளாகியிருந்தது. மேகலாவுக்கு முடி செம்பட்டை பாய்ந்து, முழங்கால் முட்டி மட்டும் பெரிசாகத் தெரிந்தது. போன வருஷம் விழுவதற்கு முன்னால் இருந்த அதே கோலம். திங்கட்கிழமை காலையில் வீரம்மாள் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு ராசாங்கத்தின் வாசலுக்கு வந்தாள். நான் புவனேஸ்வரியோடு உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே, வந்தவர்களைப் பார்க்காத மாதிரி தெருவைப் பார்த்தான்.

"ஒரு அஞ்சு நாளு பொறுங்க மாமா. முள கெளம்பட்டும், கொத்தி எடுத்துக்கிட்டு கொல்லைய விட்டுடறோம்" என்றாள் வீரம்மாள்.

"ஆண்டிமடத்துலேந்து டிராக்டர் சொல்லியாச்சு. பொதங்கெழம காலையில வருது."

"பாதியே எடுத்துக்கங்க மாமா. மடியில எவளும் வைக்க மாட்டா, நான் பாத்துக்கறேன்."

"போன வருசம் பாத்துக்கிட்ட லெட்சணம் தெரியாதா? மண்ணுக்கு எருவாப் போனாலும் போவட்டும், எவளுக்கும் கெடையாது."

"மேகலாவப் பாத்தீங்களா மாமா? உங்க அண்ணன் பேத்திங்க."

"அவளுக்கு அப்பன் ஒருத்தன் வடக்க இருக்கான்ல. அவங்கிட்டக் கேளு போ."

சொல்லிவிட்டு எச்சிலைத் துப்பினான். புவனேஸ்வரி கையில் இருந்த புளியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வீரம்மாள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கூட வந்தவர்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"வாங்கடி போவோம். பெரிய மாமா திருச்சியிலேந்து வராராம், காப்பு கட்டிக்க. அவருகிட்டக் கேப்போம். அவரு ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும்."

பெரிய மாமா என்றது என் கூடப்பிறந்த அண்ணன் சிங்காரவேலுவை. மூத்த வீட்டு ஆண் என்பதால் மாரியம்மன் காப்பு அவன் கையில்தான் கட்டுவார்கள். என் அண்ணன் என்பதற்காக அவனைப் பெரிய யோக்கியன் என்று சொல்லமாட்டேன். முதல் மரியாதை வாங்கும்போது அவன் நெஞ்சை நிமிர்த்துவதைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும். இடுப்பு எலும்பு முறிந்து, திருச்சியில் மகன் ராஜா வீட்டில் கிடந்தான். ஆனாலும் காப்புக்கு வருவேன், காரில் படுத்துக்கொண்டாவது வருவேன் என்று பூசாரி தர்மராஜுக்குப் போன் போட்டது உண்மைதான்.

ராசாங்கம் குச்சியை வாயிலிருந்து எடுத்தான். எப்போது வருகிறான், யார் சொன்னார்கள் என்று துளைத்தான். அடுத்த செவ்வாய் என்று பூசாரி சொன்னதாக வீரம்மாள் சொன்னாள். இடுப்பு ஒடிந்தவன் கோயிலில் எப்படித் தங்குவான் என்றான். கட்டில் போட்டுக் கொடுப்பார்களாம் என்றாள். அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். சாப்பாட்டு இலையை யாரோ இழுத்துக்கொண்டு போனது மாதிரி ஆகிவிட்டது.

அப்போது வீரம்மாள், போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னாள்.

"அதுக்கு மின்னாடி ஒரு செவ்வாக்கெழம இருக்குதுங்களே மாமா. நாளைக்கு. மழயும் விழுந்தாச்சு, ஊரு கூடினா ஆச்சு. கட்டிக்க ஒரு கைதான் வேணும்."

எங்கள் ஊர் அம்மனுக்குப் பஞ்சாங்கம் கிடையாது. கோடை மழை விழுந்த பிறகு வருகிற செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றை ஊர் கூடிச் சொல்லும். காப்புக் கட்டிவிட்டால் பதினைந்து நாளைக்கு ஊர் எல்லைக்குள் ஏர் பூட்டக்கூடாது. காப்புக் கட்டியவன் கோயிலிலேயே தங்கவேண்டும், ஒரு வேளை உப்பில்லாச் சோறு தின்னவேண்டும், எல்லைக் கல்லைத் தாண்டக்கூடாது. அதனால் விவசாயம் பண்ணுகிற எவனும் முதலில் உழுதுவிட்டு, பிறகுதான் செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேச்செடுப்பான். மாடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரிந்த கணக்கு இது. ராசாங்கத்துக்கும் தெரியும். ஆனால் முதல் மரியாதை என்று சொன்ன மாத்திரத்தில் அவன் கொல்லையை மறந்தான், டிராக்டரை மறந்தான், புதன்கிழமையை மறந்தான். அப்படி ஒரு பசி அவனுக்கு. அந்தப் பசிக்கு மட்டும் ஊரில் எப்போதும் யாராவது ஒருத்தர் பரிமாறுவார்கள்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அவனே வீடு வீடாகப் போய், மழை விழுந்த பிறகு அம்மனைக் காக்கவைக்கலாமா, குற்றம் ஆகாதா என்று பேசி ஊரைக் கூட்டிவிட்டான். மற்றவர்கள் ஆடிப் பட்டத்துக்கு உழுகிறவர்கள், பதினைந்து நாள் தள்ளிப்போனால் அவர்களுக்குக் குடி முழுகாது. வீரம்மாளோடு வந்த பெண்கள் அதற்குள் அவரவர் வீட்டுக்காரர்களிடம் பேசி வைத்திருந்தார்கள். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. மூத்த வீட்டு ஆண் ஊரில் இல்லாததால் இளைய வீட்டுக்குக் கட்டலாம் என்று தர்மராஜ் பூசாரி அம்மனிடம் உத்தரவு கேட்டுச் சொன்னார். ராசாங்கம் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை.

செவ்வாய்க்கிழமை மேளம் அடித்து, மஞ்சள் வேட்டி கட்டி, அவன் கையில் மஞ்சள் கிழங்கு கோத்த நூலைக் கட்டினார்கள். கும்பிடுகிற மாதிரி நின்றானே ஒழிய, யார் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தான். திருச்சிக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள் என்று இரண்டு பேரிடம் தனித்தனியாகச் சொன்னான். சொல்ல மறந்துவிடுவார்களோ என்று மூன்றாவதாக ஒருத்தனை அனுப்பினான்.

புதன்கிழமை காலையில் ஆண்டிமடத்து டிராக்டர் வந்தது. டிரைவர் செல்லதுரை எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தான். கோயில் மண்டபத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் கேட்டோம். ராசாங்கமும் கேட்டான். முதலில் அவனுக்கு விளங்கவில்லை. இரண்டாவது ஹாரனில் விளங்கியது. துள்ளி எழுந்தான்.

"எங்கங்க போறீங்க?" என்றார் தர்மராஜ்.

"வண்டி வந்துடுச்சுய்யா. கொல்லைய ஓட்டணும்."

"காப்பு கட்டியிருக்குங்களே."

"எனக்குத்தானய்யா கட்டியிருக்கு. டிராக்டருக்கா கட்டியிருக்கு?"

"ஊருக்கே கட்டினதுங்க. ஏரு பூட்டக் கூடாது."

"டிராக்டரு ஏராய்யா? அதுல மாடு எங்க இருக்கு, நொகத்தடி எங்க இருக்கு?"

இதைக் கேட்டு மண்டபமே சிரித்தது. தர்மராஜ் மட்டும் சிரிக்கவில்லை. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தார்.

"நீங்க போறதுன்னா போங்க. இப்பவே அவுத்து இதுல வச்சிடறேன். சிங்காரவேலு அண்ணன் அடுத்த வாரம் வராரு. அவரு கையில கட்டிக்கலாம்."

ராசாங்கம் தாம்பாளத்தைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். தெருப்பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். டிராக்டர் திரும்பிப் போகிற சத்தம் அடங்குகிற வரைக்கும் அவன் தலை நிமிரவில்லை. அந்தத் தலையில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஓடியிருக்காது.

வெள்ளிக்கிழமை முளை கிளம்பியது. கொல்லை முழுக்கப் பச்சைப் புள்ளி. எங்கள் தெருப் பெண்களும் காலனிப் பெண்களும் வரிசை பிடித்து இறங்கினார்கள். பிள்ளைகள் பின்னாலேயே கூடையோடு போனார்கள். தனித்தனி மடி கிடையாது, எல்லாம் ஒரே கூடைக்கு என்று வீரம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முதல் நாள் அவள் கூடவே நின்று ஒருத்தியும் மடி கட்டாமல் பார்த்துக்கொண்டாள். ஒருத்திக்குக் கோபம் வந்து, நீ என்ன ராசாங்கமா என்று கேட்டுவிட்டாள். வீரம்மாள் தன் சேலை முந்தானையை உதறிக் காட்டிவிட்டு மறுபடி குனிந்து கொத்தினாள்.

தான் வரமுடியாது என்பதால் ராசாங்கம் பங்கு வாங்கிவரச் சொல்லிப் புவனேஸ்வரியை அனுப்பினான். அவள் கூடையோடு வந்தாள். வரப்புப் பனைமரத்து நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். "நான் வந்தேன், நின்னேன், பாத்தேன். ஒன்னும் தேறலன்னு சொல்லிடறேன், நீங்க கொத்துங்கடி" என்றாள். சாயங்காலம் வெறும் கூடையோடு கோயிலுக்குப் போய் அப்படியே சொன்னாள். நாற்பது வருஷமாக அந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணியவளுக்கு அவனிடம் பொய் சொல்வது மூச்சு விடுகிற மாதிரி.

கோயிலை ஒட்டிக் கூழ் காய்ச்சுகிற கொட்டகை இருக்கிறது. காப்புக் கட்டிய நாளில் அது திறந்திருக்கும், அடுப்பும் உரலும் அங்கேயே உண்டு. காய்ந்த கடலையைப் பெண்கள் அங்கே கொண்டுவந்து மணலில் போட்டு வறுத்தார்கள். வீட்டுக்கு ஒரு பிடியாகச் சேர்த்த கம்பை வறுத்தார்கள். வெல்லம் தட்டிப் போட்டு இடித்தார்கள். வறுகடலை வாசனை மண்டபத்துக்குள் போய் நிற்கும். அங்கே ராசாங்கம் உப்பில்லாச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தன் கொல்லைக் காய், தன் கண் முன்னால் வறுபடுகிறது, எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்க முடியாது. கேட்டால் ஒரே ஒரு கேள்விதான் திரும்ப வரும், அவிழ்த்துவிடலாமா என்று.

பிள்ளைகளைத் தினம் காலையிலும் சாயங்காலமும் கொட்டகை முன்னால் உட்காரவைத்து ஆளுக்கொரு உருண்டை கொடுத்தார்கள். காலனிப் பிள்ளைகளும் வந்தார்கள். தனியாக உட்காரட்டும் என்று இரண்டு பெரிய மனிதர்கள் முனகினார்கள். கடலை கொத்தினபோது தனியாகக் கொத்தவில்லையே என்று வீரம்மாள் கேட்டாள். அந்தப் பெரிய மனிதர்கள் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி கம்புகூட அந்த உரலுக்கு வந்ததில்லை. அவர்கள் முனகலை உரல் சத்தத்தில் யாரும் காதில் வாங்கவில்லை.

மேகலாவுக்கு முதல் இரண்டு நாள் உருண்டை தங்கவில்லை. காய்ந்துபோன வயிறு, வாங்கி வெளியே தள்ளியது. வீரம்மாள் அதைக் கஞ்சியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மூன்றாம் நாள் தங்கியது. நாலாம் நாள் பிள்ளை தானாக வரிசையில் போய் உட்கார்ந்தது. வீரம்மாள் கொட்டகைக்குப் பின்னால் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் மேகலா தன் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போயிருக்கிறாள். தாத்தா சோறு தின்னாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாரே என்று நினைத்திருக்கிறாள். இந்தாங்க தாத்தா என்று நீட்டியிருக்கிறாள். பாதியைக் கிள்ளிக்கொண்டு மீதியைப் பிள்ளையிடம் கொடுத்திருக்கலாம். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, முழுசையும் வாயில் போட்டுக்கொண்டான். காப்புக் கட்டின கையால், அம்மன் சன்னிதிக்கு எதிரிலேயே. மேகலா வந்து அம்மாவிடம் சொன்னாள். வீரம்மாள் வேறு ஒரு உருண்டையைப் பிள்ளை கையில் வைத்து, இதை வெளியில் சொல்லாதே என்றாள். என்னிடம் சொன்னது பிள்ளைதான். நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். புவனேஸ்வரியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

காப்பு அவிழ்க்கிற நாளில் மைக்செட் கட்டியிருந்தார்கள். ராசாங்கம் மாலையோடு மைக்கைப் பிடித்தான். பஞ்ச காலத்தில் பிள்ளைகள் வாடக்கூடாது என்றுதான் தன் கொல்லையை உழாமல் போட்டுவைத்ததாகச் சொன்னான். தான் ஒரு பிடி எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னான். சனங்கள் கை தட்டினார்கள். எல்லாம் தெரிந்த சனங்கள்தான், அவர்களும் தட்டினார்கள். எங்கள் ஊர்க் கைகளுக்கு அது ஒரு வியாதி.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மேகலா பையை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து போனாள். வீரம்மாள் வாசலில் நின்று, பிள்ளை திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

அதற்கு அடுத்த வருஷமும், அதற்கு அடுத்த வருஷமும், மழை விழுந்த முதல் செவ்வாயில் காப்புக் கட்டினார்கள். உழவுக்கு முன்னால். என் அண்ணன் திருச்சியிலேயே செத்துப்போனான், அவன் மகன் ராஜா காப்புக்கென்று ஊர்ப்பக்கம் வரவில்லை. காப்பு ராசாங்கத்தின் கையிலேயே நின்றுவிட்டது. மற்றக் கொல்லைக்காரர்களும், அவன் மட்டும் மைக்கில் பேசுவதா என்று தங்கள் தங்கள் கொல்லையையும் உழாமல் போட்டு, அதைச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு உருண்டை பெரிதாகியது.

2006இல் டவுனிலிருந்து ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். இந்த ஏற்பாட்டை யார் ஆரம்பித்தது என்று விசாரித்தார்கள். ராசாங்கம் முன்னால் வந்து நின்று, போட்டோ எடுக்கும்போது தோளில் துண்டைச் சரி பண்ணினான். எனக்குப் பொறுக்கவில்லை. ஜீப் போன பிறகு வீரம்மாளைக் கேட்டேன், ஏண்டி வாயில்லாமல் நின்றாய், நான் சொல்லட்டுமா என்று. அவள் உரலில் கம்பைப் போட்டுக்கொண்டே நிமிராமல் சொன்னாள்.

"சொல்லிக்கிட்டுப் போவட்டும் உடுங்க. அவரு பேரு போயிடுச்சுன்னா வர்ற வருசம் டிராக்டர் வந்துடும்."

மண்டபத்தில் ராசாங்கம் இன்னும் அந்தப் போட்டோக்காரன் நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.